நுனி வளையம்

தொண்ணூற்றேழாம் வருஷம் வைகாசி மாதத்தில், நொச்சிக்குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாதிருந்தபோது, சடையாண்டி அதில் மூழ்கிப்போனான். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் அந்தக் குளம் வெகுகாலமாகவே காய்ந்து கிடந்தது. தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்துபோய், அதன் மேலேயே ஆட்கள் சோளம் விதைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். குளத்துக்குள் சீமைக்கருவேல் அடர்ந்திருந்தது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நடந்து நடந்து அதன் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் வேனைப் பிடிப்பதற்காக முருங்கைக்காய்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சடையாண்டி அந்தப் பாதையில் நடந்து போனான். பின்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த மாயக்காள் அதைக் கண்ணால் பார்த்தவள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே மாதிரிதான் சொன்னாள். நடுக்குளத்தில் அவனுடைய கணுக்கால் மண்ணுக்குள் போனது, அடுத்த எட்டில் முழங்கால், அதற்கும் அடுத்ததில் இடுப்பு. கிணற்றுப்படியில் இறங்குகிறவனைப் போலத்தான் இருந்ததாம். கழுத்தளவு வந்தபிறகுதான் கைகளை அடித்துக்கொண்டான். காய்ந்த மண்ணில் வட்டம் வட்டமாக அலை கிளம்பிக் கரையில் வந்து மோதியது. ஆடுகள் பின்வாங்கி நின்றன. பிறகு தலையும் போய்விட்டது. முருங்கைக்கட்டு மட்டும் மண்மேல் மிதந்துகொண்டிருந்தது. மேல்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாயங்காலத்துக்குள் கிழக்குக் கரையில் ஒதுக்கியது. எடுத்துப் பார்த்தபோது காய்கள் நனைந்திருந்தன.

போலீஸ்காரர்கள் வந்தார்கள். தண்ணீரில்லாத குளத்தில் மூழ்கிச் செத்தான் என்று எழுத முடியாது, உடல் கிடைக்காமல் வெறுமனே செத்தான் என்றும் எழுத முடியாது என்று சொல்லி, காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊர் ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக அந்த இடத்தைத் தோண்டினார்கள். கரம்பை மண் முடிந்து சுக்கான்கல் வந்தது, சுக்கானும் முடிந்து பாறை வந்தது. ஆள் இல்லை. ஆனால் தோண்டும்போதே கீழே யாரோ இருமும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மேலே நின்றவனுக்கு எவ்வளவு ஆழத்தில் கேட்டதோ, குழிக்குள் பாறைமேல் நின்றவனுக்கும் அவ்வளவு ஆழத்தில்தான் கேட்டது. இனித் தோண்டிப் பிரயோஜனமில்லை என்று குழியை மூடிவிட்டார்கள்.

மூடிய மண்ணில் காதை வைத்துப் படுத்தவள் அவன் மனைவி பேச்சாயி. அவர்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. அவள் அழுதுகொண்டு படுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சைச் சுவர் வழியாகக் கேட்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"குளத்துலதான் இருக்கேன், பேச்சி," என்றது கீழேயிருந்து சடையாண்டியின் குரல். "குளம் ததும்பிக் கெடக்கு. கரையோரம் பூராம் அல்லி."

எழுபத்தேழாம் வருஷத்துத் தண்ணீரில் அவன் மூழ்கியிருக்கிறான் என்று ஊரில் மூத்தவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த வருஷம்தான் நொச்சிக்குளம் கடைசியாக நிறைந்து மறுகால் பாய்ந்தது. அந்தத் தண்ணீர் வற்றிவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது வற்றவில்லை, கீழே போய் இருந்திருக்கிறது. தனக்குப் பசியில்லை, தூக்கமில்லை, குளிர் மட்டும்தான் என்று சடையாண்டி சொன்னான். நீச்சல் தெரியாதவன்தான், ஆனாலும் அதற்கு மேல் அவன் கீழே போகவில்லை. ஒரு மாதத்தில் ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார்கள், ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் வந்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டார்கள். எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான் என்று அவன் சொன்னதை நம்பிக் குழாய் இறக்கினார்கள். புழுதிதான் வந்தது. பிறகு அவர்கள் கேட்கவில்லை.

எரியோட்டிலிருந்து பேச்சாயியின் அண்ணன் பொன்னழகு வந்தான். அவன் கெட்டவன் இல்லை. தங்கைக்கு இருபத்தொன்பது வயதுதான் ஆகிறது என்பது அவன் கவலை. தன்னோடு வந்துவிடச் சொன்னான். மண்ணுக்குள் போனவரைப் போனவராகவே வைத்துக்கொண்டு சடங்கைச் செய்துவிடலாம் என்று சொன்னான். செத்தவர்கள் இருமுவார்களா என்று பேச்சாயி கேட்டாள். இருமுகிறார், பேசுகிறார், எல்லாம் சரிதான், ஆனால் வருவாரா என்று அவன் கேட்டான்.

"வர வைப்பேன்," என்றாள் பேச்சாயி. "எப்படின்னு மட்டும் இன்னும் தெரியல."

எப்படி என்பது மறு வருஷம் தெரிந்தது. அவள் தினமும் காட்டுவேலை முடிந்து அந்த இடத்தில் போய் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் ரவிக்கைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த ஊசி நழுவித் தரையில் விழுந்தது. தரையில் நிற்காமல் உள்ளே போனது. பின்னாலேயே நூலும் போனது. நூற்கண்டு அவள் மடியில் தானாக உருண்டது. இது என்ன, ஊசியா என்று கீழேயிருந்து சடையாண்டி கேட்டான். நூலை அவன் ஒரு இழுப்பு இழுத்தது அவள் விரலில் தெரிந்தது. அவள் இழுத்தபோது ஊசி ஈரத்தோடு மேலே வந்தது. மறுநாள் ஊரே கூடித் தாம்புக்கயிறு கொண்டுவந்து போட்டது. கயிறு தரைமேல் அப்படியே கிடந்தது. கொடிக்கம்பியும் இறங்கவில்லை. மயிரளவு, நூலளவு மெலிந்தது எதுவோ அதை மட்டும்தான் அந்த மண் விட்டது. பேச்சாயி வேடசந்தூர் போய் மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பில் உறுதியானதைக் கேட்டு வாங்கிவந்தாள். அது இறங்கியது. சடையாண்டி அதை இடுப்பில் சுற்றி, வைக்கோல் பொதி கட்டுகிற முடிச்சைப் போட்டுக்கொண்டான். நான்கு பேர் நரம்பைக் கையில் சுற்றி இழுத்தார்கள். உள்ளங்கைகள் அறுபட்டுப் போயின, ஆள் ஒரு சாண்கூட அசையவில்லை. அதன் பிறகு மூங்கில் நுனியில் நரம்பைக் கட்டி நிமிர்த்தினார்கள். மூங்கில் வளைந்தது, தரை கவிழ்த்த பானைபோல ஓரிடத்தில் உப்பியது. பிறகு மூங்கில் பிளந்துகொண்டது. இடுப்பு வலிக்கிறது, ஆனாலும் கொஞ்சம் மேலே வந்தேன் என்று சடையாண்டி சொன்னான். அந்தக் கொஞ்சம் பேச்சாயிக்குப் போதுமானதாக இருந்தது.

திண்டுக்கல் பேகம்பூரில் தாஹிரா என்றொரு பெண் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அவளுடைய அத்தா வைத்திருந்த கடை அது. மழை குறைந்த வருஷங்களில் குடை கொண்டுவருகிறவர்கள் குறைந்துபோக, அவள் கொடைக்கானல் கடைகளுக்குத் தூண்டில் கம்பு பூட்டித் தரும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஃபைபர் கம்புகள் வழவழவென்று மொட்டையாக மெட்ராஸிலிருந்து வரும். கைப்பிடிக்குத் தக்கை ஏற்றி, நரம்பைச் சுற்றும் சக்கரம் மாட்டும் இடத்தைப் பொருத்தி, நரம்பு ஓடுவதற்கான வளையங்களை நூல் சுற்றிக் கட்டி, நுனியில் ஒரு வளையமும் அடியில் ஒரு ரப்பர்க் குல்லாயும் போட்டு வார்னிஷ் பூசினால் கம்பு தயார். பேச்சாயி விசாரித்து விசாரித்து அங்கே போய்ச் சேர்ந்தாள். தன் வீட்டுக்காரர் காய்ந்த குளத்தில் மூழ்கியிருப்பதையும், அவரைத் தூக்க ஒரு கம்பு வேண்டும் என்பதையும் சொன்னாள். தாஹிரா கையிலிருந்த நூலை விடாமல் முழுவதையும் கேட்டாள்.

"அவரு எம்புட்டு எடை இருப்பாரு?"

"ஒல்லியான ஆளுதான். ஆனா நனைஞ்சிருக்காரு."

தாஹிரா சற்று யோசித்தாள். தான் பூட்டுகிற கம்பெல்லாம் ரெண்டு கிலோ, மூணு கிலோ மீனுக்கு உள்ளவை என்றும், ஆளைத் தூக்குகிற கம்பைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றும் சொன்னாள். தெரியாவிட்டால் சேர்ந்து கண்டுபிடிக்கலாம் என்றாள் பேச்சாயி. அன்றைக்கே உட்கார்ந்து வளையத்துக்கு நூல் சுற்ற ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் காலை பஸ்ஸில் திண்டுக்கல் போய் மாலை பஸ்ஸில் திரும்பினாள். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே குளத்துக்குப் போய், அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சடையாண்டியிடம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

இரண்டாயிரமாவது வருஷம் பங்குனியில் முதல் ஃபைபர் கம்பைக் கொண்டுபோனார்கள். கடல்மீனுக்கென்று செய்த தடித்த கம்பு, கடையில் இருந்ததிலேயே பெரிய வளையங்கள். சடையாண்டி மேலே வரத் தொடங்கியதும், எல்லாப் பாரத்தையும் கடைசியாகத் தாங்குகிற நுனி வளையம் பசை விட்டுக் கழன்று நரம்போடு ஓடிவிட்டது. மொட்டை நுனியில் நரம்பு உரசி அறுந்தது. வளையத்தைக் கண்மதிப்பில் ஒட்டியிருந்தார்கள். மற்ற வளையங்களின் வரிசையிலிருந்து அது ஒரு நெல்லளவு விலகியிருந்தது. நரம்பு ஒவ்வொரு இழுப்பிலும் அதைப் பக்கவாட்டில் திருகிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் பிறகு தாஹிரா எந்தக் கம்பிலும் நுனி வளையத்தை வெறுங்கண்ணால் பார்த்து ஒட்டவில்லை. பசை இளக்கமாக இருக்கும்போதே நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து இழுத்துப் பிடிப்பாள். நரம்பு எங்கேயும் கோணாமல் ஒரே கோடாக ஓடும்வரை பேச்சாயி நுனியைத் திருப்பிக்கொண்டே இருப்பாள்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் கார்த்திகையில் நடந்ததைப் பற்றிப் பேச்சாயி பிற்பாடு அதிகம் பேசியதில்லை. அந்தத் தடவை நுனி வளையம் நின்றது. கம்பு கோவில் வளைவைப்போல வளைந்து நின்றது. தரை உப்பி வெடித்து, நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டு வரைக்கும், பிறகு முழங்கை வரைக்கும். சடையாண்டியின் கைதான். வெயிலில் அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த நேரத்தில் கம்பின் நடுவிலிருந்த வளையம் ஒன்று சட்டைப் பொத்தான்போலத் தெறித்தது. வளையத்தின் உலோகக் கால், தேய்க்காமல் விட்ட விளிம்போடு, தன்னைக் கட்டியிருந்த நூலைத் தானே அறுத்துவிட்டது. பேச்சாயி கம்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்களை அது இறுக்கிப் பிடித்தது. குளிர்ந்திருந்தது. பிடித்துக்கொண்டிருக்கும்போதே கம்பில் மீதமிருந்த வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் பின்னால் கேட்டது. கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மண் மூடிக்கொண்டது. அன்று கூட வந்திருந்த தாஹிரா அவளைத் தூக்கிவிட்டாள். பேச்சாயி முந்தானையில் கையைத் துடைக்கவில்லை. ஈரம் தானாகக் காயும்வரை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப விட்டிருக்கக் கூடாது," என்றாள் கடைசியில். "அடுத்த தடவ கையப் பிடிக்க மாட்டேன்."

தாஹிரா தெறித்துக் கிடந்த வளையங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

அதற்கடுத்த இரண்டு வருஷமும் வானம் அடியோடு பொய்த்தது. ஆடுகளை விற்றார்கள், முருங்கை மரங்கள் பட்டுப்போயின. குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் போனார்கள். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் சித்திரையில் பஞ்சாயத்துத் தலைவர் மணிமாறன் ஊரைக் கூட்டினார். தூர்ந்துபோன வாய்க்காலைப் பொக்லைன் வைத்து வெட்டிவிட்டால் இனிப் பெய்கிற முதல் நல்ல மழையிலேயே குளத்துக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று சொன்னார். சோளம் விதைத்திருந்தவர்கள்கூட இடம்விடச் சம்மதித்தார்கள். அதன் பிறகு எல்லோரும் பேச்சாயியைப் பார்த்தார்கள். புதுத் தண்ணீர் வந்து இறங்கினால் பழைய தண்ணீர் எங்கே போகும், அதில் இருக்கிறவன் எங்கே போவான் என்பது யாருக்கும் தெரியாது. இன்னும் ஆழத்துக்குப் போய்விடுவான் என்று சிலர் நினைத்தார்கள். புதுத் தண்ணீரில் நிஜமாகவே மூச்சுமுட்டிச் செத்துப்போவான் என்று சிலர் நினைத்தார்கள். மணிமாறன் அவள் பக்கத்தில் வந்து நின்று தணிந்த குரலில் பேசினார்.

"ஊருக்குத் தண்ணி வேணும்க்கா. நீங்க வேணாமின்னா என்னால மேல பேச முடியாது. நீங்களே சொல்லுங்க."

பேச்சாயி எழுந்தாள். வாய்க்காலை வெட்டலாம் என்பதற்குக் கையைத் தூக்கினாள். அவள் தூக்கிய பிறகுதான் மற்றவர்கள் தூக்கினார்கள். அன்று சாயங்காலம் குளத்தில் அவள் இதைச் சடையாண்டியிடம் சொன்னாள்.

"எதுக்கு வெட்டச் சொன்ன?" என்று அவன் கேட்டான்.

"ஊரு குடிக்கத் தண்ணியில்லாம கெடக்கு. அதும்போக, எனக்கும் ஒரு கெடு வேணும். அடுத்த வருசம் அடுத்த வருசமுன்னே கை பழகிருச்சு. மழைக்கு முந்தி எடுத்துருவேன். பயமா இருக்கா?"

பயமாகத்தான் இருக்கிறது என்று அவன் ஒப்புக்கொண்டான். தனக்கும்தான் என்று அவளும் சொன்னாள். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகச் சொல்லி அவன்தான் அவளை அனுப்பினான்.

அந்தக் கம்பை அவர்கள் பூட்டியதைப்போல அதற்கு முன்பும் பின்பும் எந்தக் கம்பையும் பூட்டவில்லை. வளையம் ஒவ்வொன்றின் கால்களையும் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்துக் காகிதம்போல மெலியவைத்தார்கள். தேய்த்த விளிம்பைத் தாஹிரா தன் உதட்டில் வைத்துப் பார்ப்பாள். உதட்டுக்கு உறுத்தினால் மறுபடியும் கல்லுக்குப் போகும். உலோகம் கம்பைக் கடிக்காமலிருக்க முதலில் அடிநூல் ஒரு சுற்று, அதன்மேல் வளையம், அதன்மேல் மறுபடி நூல் என்று கட்டினார்கள். எங்கெங்கே வளையம் வரவேண்டும் என்பதை அளந்து முடிவு செய்யவில்லை. கம்பின் நுனியில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, வளைந்த கம்பில் நரம்பு எங்கே போய் உரசுகிறதோ அங்கே ஒரு வளையம் என்று வைத்தார்கள். நுனிப்பக்கம் வளையங்கள் நெருங்கி வந்தன. பாரம் ஏறும்போது கைப்பிடித் தக்கை முன்னால் நழுவாதபடி அதன் தலையில் ஒரு சின்னப் பித்தளைப் பூண் தேவைப்பட்டது. கடையில் கிடைப்பது அலங்காரத்துக்கு உள்ளது, நிற்காது. பக்கத்துப் பூட்டுப் பட்டறையில் சாவித்துவாரத்துக்குப் போடுகிற பித்தளையைக் கடைந்து வாங்கிக்கொண்டார்கள். கம்பின் அடிமுனை வயிற்றில் குத்தாமலிருக்கத் தோல்ஷாப்பில் கழிவுத் தோல் வாங்கிவந்து இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி ஒரு குழிவான வார் தைத்தார்கள். இடையில் இருவரும் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். நூலில் தெரிந்த ஒரு சின்ன இடைவெளியைப் பேச்சாயி பரவாயில்லை என்று சொல்லப்போக, அதுவரை கட்டிய அத்தனையையும் தாஹிரா பிளேடால் அறுத்துப் போட்டுவிட்டாள். அன்று முழுக்கப் பேச்சாயி அவளோடு பேசவில்லை. மறுநாள் வந்து முதலிலிருந்து சுற்றினாள்.

ஐப்பசி பிறந்தது. கம்பில் வார்னிஷ் பூசுகிற வேலை மட்டும் மிச்சமிருந்தது. நூலுக்குமேல் கெட்டியாகப் பூசுகிற அந்த வார்னிஷ் இறுகும்வரை கம்பை உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கமாக வழிந்து, கட்டு ஒரு பக்கம் பலத்தும் ஒரு பக்கம் வெறுமையாகவும் போய்விடும். காலையில் பூசி முடித்து உருட்டிக்கொண்டிருந்தபோது, கரூர்ப் பக்கம் கருத்துக்கொண்டு நிற்கிறது, வாய்க்கால் தலைப்பில் பெய்யத் தொடங்கிவிட்டது என்று மணிமாறன் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து சொன்னார். காத்திருக்க நேரமில்லை. தாஹிரா கடையை இழுத்துப் பூட்டினாள். ஈரக் கம்பைக் கைகளில் உருட்டிக்கொண்டே இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள், உருட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்கள். கம்பு ஓட்டுநருக்குப் பின்னாலிருந்து கடைசி சீட் வரைக்கும் நீண்டது. கண்டக்டர் திட்டத்தான் வாயைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டபிறகு, எந்தப் பக்கமாக உருட்டவேண்டும் என்று கேட்டார். வலமாக என்றாள் பேச்சாயி. இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்கு எதிரே வந்த பகுதியை, வளையத்தில் விரல் படாமல், மெதுவாக வலமாக உருட்டினார்கள். பூக்கூடை வைத்திருந்தவர்கள், காலேஜ் போய்த் திரும்புகிறவர்கள், மடியில் பிள்ளையோடு வந்த பெண் என்று பஸ் முழுக்க உருட்டியது. இறங்குகிறவர்கள் அடுத்து உட்கார்ந்தவர்களிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கினார்கள். எரியோட்டில் ஏறிய பொன்னழகு, தன் தங்கை இருப்பதைக் கண்டு அவள் பக்கத்தில் நின்று உருட்டத் தொடங்கினான். குஜிலியம்பாறையில் இறங்கியபோது வார்னிஷ் கண்ணாடிபோல இறுகியிருந்தது. பொன்னழகும் அவர்களோடு இறங்கிக்கொண்டான்.

குளத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் வாயில் தண்ணீர் வந்துவிட்டது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த மண்ணை நக்கிக்கொண்டு, மெதுவாக நடுக்குளத்தைப் பார்த்து நகர்ந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. இத்தனை வருஷம் கேட்ட தண்ணீர் வருவதைப் பார்த்து யாரும் சத்தம் போடவில்லை. பேச்சாயி தோல்வாரை இடுப்பில் கட்டிக் கம்பின் அடியை அதில் ஊன்றினாள். நரம்பு மண்ணுக்குள் இறங்கியது. கட்டிக்கொண்டேன் என்று சடையாண்டி குரல் கொடுத்தான். அவள் கம்பைத் தூக்கினாள், தாழ்த்தும்போது சக்கரத்தைச் சுற்றினாள், மறுபடி தூக்கினாள். தாஹிரா பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை ஊன்றி நின்றாள். கம்பு வளைந்து வளைந்து வட்டமாகிற அளவுக்கு வந்தது. பித்தளைப் பூண் நின்றது. வளையங்கள் நின்றன. நரம்பு நுனி வளையத்துக்குள் முனகிக்கொண்டே ஓடியது. புதுத் தண்ணீர் அவர்களுடைய பாதத்தைத் தொட்டு, கணுக்காலுக்கு ஏறியது.

தரை உப்பி வெடித்தது. முதலில் அதே கைதான் வந்தது. விரல்களை விரித்துக் காற்றில் எதையோ தேடியது, இரண்டு எட்டு தூரத்தில். பேச்சாயி அதைப் பார்த்தாள். அவள் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்ததைத் தாஹிரா உணர்ந்து இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஆனால் பேச்சாயி கம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். தலை வந்தது, தோள் வந்தது. மார்பு வந்தபிறகுதான் பொன்னழகு பாய்ந்து அக்குளில் கைகொடுத்துப் பிடித்தான். இடுப்பு, முழங்கால், பாதம் என்று சடையாண்டி முழுசாக வெளியே வந்து, முழங்காலளவு புதுத் தண்ணீரில் நின்றான். மூழ்கிய அன்றைக்கு இருந்த அதே முப்பத்து மூன்று வயதுதான் இருந்தது. மனைவியை ஏற இறங்கப் பார்த்தான்.

"பேச்சி, உனக்கு நரைச்சிருக்கு."

"முதல்ல கரைக்கு வாங்க," என்றாள் அவள். அதைச் சொல்லி முடித்தபிறகுதான் கம்பிலிருந்து கையை எடுத்தாள். கம்பைத் தாஹிரா வாங்கிக்கொண்டாள்.

அன்று பெய்த மழை நாலு நாள் விடவில்லை. நொச்சிக்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. கணவன் வயதைக் காட்டிலும் மனைவி வயது இப்போது அதிகம் என்பதைப் பற்றி ஊரில் கொஞ்சநாள் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். தாஹிராவுக்கு அந்த மழையில் குடை வேலை குவிந்தது. பேச்சாயி வழக்கம்போலக் காலை பஸ்ஸில் போய் அவளுக்குக் கைகொடுத்தாள். சடையாண்டி பட்டுப்போன முருங்கைகளைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கிளை வெட்டிப் போத்து நட்டான். ஆனால் அவன் காயவில்லை. எழுபத்தேழாம் வருஷத்துத் தண்ணீர் அவன் சட்டை நுனியிலிருந்தும் வேட்டி ஓரத்திலிருந்தும் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றி வெயிலில் போட்டாலும் சொட்டியது, வேறு சட்டை போட்டால் அதுவும் நனைந்தது. அவன் உட்காருகிற இடத்தில் பேச்சாயி ஒரு குண்டான் வைத்தாள். அந்தத் தண்ணீர் உப்புக் கலக்காமல் நல்ல ருசியாக இருந்ததால், அக்கம்பக்கத்துப் பெண்கள் காப்பி போடுவதற்கென்று ஆளுக்கொரு செம்பு கேட்டு வாங்கிப் போனார்கள். விருந்தாள் வருகிற வீட்டுக்கு ஒரு குடமும் போனது. தை, மாசி போய்ப் பங்குனி பாதியில் சொட்டுவது மெல்லமெல்லக் குறைந்து, ஒருநாள் காலையில் நின்றுவிட்டது. சொல்லியிருந்தால் ஒரு குடம் பிடித்து வைத்திருக்கலாமே என்று பெண்கள் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டு பொதுக்குழாய்க்கே திரும்பிப் போனார்கள். சடையாண்டி தும்மினான், வெயிலில் போய் உட்கார்ந்தான். பேச்சாயி கொடியில் கிடந்த அவனுடைய சட்டையை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.